துணி காயாத மிஷின்

குமுதவல்லி அந்த மிஷினைக் கூடத்தின் குறுக்கே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். இருபத்தெட்டுக் கிலோ. டைல்ஸில் விழுந்த கீறலைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. வாசலுக்கு வெளியே லிஃப்ட் முனகியபடி மேலே வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து காவலாளி ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், மிஷினைத் தூக்கிப் போக வந்திருக்கிறார்கள், நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

குளியலறைக்குள் அதைத் தள்ளி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

"அங்க பூட்டிப்போட்டா நான் எங்க குளிக்கறது?" என்றார் திருமூர்த்தி.

அவள் கணவர். வயது ஐம்பத்திரண்டு. பம்ப் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில், அவர்கள் இருக்கும் கணபதி வட்டாரத்தில் அவர் கைக்கு மிஞ்சிய கை இல்லை என்று பேர். பட்டறையிலிருந்து கொண்டுவந்த சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்தபடி, சுவரைக் கையால் உந்தி உந்திக் கூடத்துக்கு உருண்டு வந்தார். பத்துப் பதினோரு நாளாக வீட்டுக்குள் அவருக்கு அதுதான் வாகனம்.

"ஒரு நாள் குளிக்காட்டி ஊர் நாறிப் போயிடாதுங்க. இது போச்சுன்னா நாளைக்குக் காலைல நீங்க எந்திரிச்சு நிக்க முடியாது. ஞாபகம் இருக்குதா?"

அவர் முக்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

மணி நாலேகால். ஆறு மணிக்கு வார இதழின் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும். அதில் குமுதவல்லியின் ஒரு சொல் இன்னும் காலியாக இருந்தது.

பதினாறு வருஷமாக 'வாங்கலாமா, வேண்டாமா?' பகுதியை எழுதுகிறவள் அவள். டிவியில் விளம்பரம் வரும் சாமானைச் சோதனைக்கு வாங்கி, ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் வைத்துப் புழங்கி, கடைசியில் ஒரே சொல்லில் தீர்ப்பு. வயிற்றைக் குலுக்கும் பெல்ட், கதவில் மாட்டி இழுக்கிற ரப்பர் கயிறு, கட்டிலுக்கடியில் மடித்துத் தள்ளும் ஓடுபாதை என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. உடற்பயிற்சிச் சாமானுக்கென்று அவளிடம் தனியாக ஒரு சோதனை உண்டு. வாங்கி மூன்று மாதம் ஆனவர்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் வருவதற்குள் கண்ணால் மிஷினைத் தேடுவாள். அதன் கைப்பிடியில் ஈரத் துண்டோ பாவாடையோ காய்ந்தால் தீர்ப்பு 'வேண்டாம்'. நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் காயும். சில வீடுகளில் கிளிப் போட்டே காயும்.

இப்போது குளியலறையில் பூட்டிக் கிடக்கும் 'ராஜநடை' மிஷினுக்காக அவள் முப்பத்தோரு வீடு ஏறி இறங்கினாள். ஒன்றிலும் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை.

ஆசிரியர் வேதமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு ஒரு நல்ல சாமானாவது சிக்கியதே என்றார். குமுதவல்லிக்கோ சந்தேகம் வந்தது. டிவியில் பார்த்து வாங்கியதை மனிதர்கள் விட்டுவிடுவார்கள். அது இயற்கை. முப்பத்தோரு வீட்டிலும் விடாமல் இருக்கிறார்கள் என்றால், விட முடியவில்லை என்று அர்த்தம்.

விளம்பரத்தில் ஒரு பொய்யும் கிடையாது. அதுதான் கொடுமை. டிவிகள் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மத்தியானம் கூடத்து டிவி, "திருமூர்த்தி சார், மாடி ஏறினா மூச்சு வாங்குதா? நீங்க சும்மா உக்காருங்க. கால் பாத்துக்கும்" என்றது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தட்டில் பாதத்தை வைக்க வேண்டும். கெண்டைக்காலில் இரண்டு பட்டை. மிஷினுக்கு மாதச் சந்தா. தினமும் இருபது நிமிஷம். பத்தாயிரம் பேரிடமிருந்து தேர்ந்தெடுத்த ஒரு நடையின் நரம்புத் தகவலைப் பட்டை காலுக்குள் அனுப்பும். கால் தானாக நடக்கும். சர்க்கரை இறங்கும். திருமூர்த்திக்கு இறங்கியது. மூன்றாவது வாரத்தில் அவர் இந்த மூன்று மாடியையும் இளவட்டம் மாதிரி ஏறி வந்தார்.

வழக்கமாக எந்தச் சாமானையும் தன் உடம்பில்தான் முதலில் சோதிப்பாள் குமுதவல்லி. ஸ்கூட்டரில் விழுந்ததில் அவள் முழங்காலுக்குக் கீழே ஸ்டீல் கம்பி இருந்தது. உலோகம் இருக்கிற காலுக்கு ராஜநடை ஆகாது என்று கம்பெனிப் படிவமே சொன்னது. அதனால் இந்த ஒரு தடவை மட்டும் கணவரை உட்காரவைத்தாள்.

முப்பதாம் நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து ராத்திரிவரை கரண்ட் இல்லை. மிஷின் ஓடவில்லை. மறுநாள் காலை அவர் கட்டிலை விட்டு இறங்கினார், அப்படியே மடங்கி விழுந்தார். வலி இல்லை, வீக்கம் இல்லை. "கால் இருக்குது குமுதா. நடக்கறது எப்படின்னு அதுக்கு ஞாபகமில்ல" என்றார். சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து நின்றார்.

அன்றோடு அவர் முக்காலிக்கு மாறிவிட்டார். தினமும் காலையில் மருந்து மாதிரி இருபது நிமிஷம் அதில் காலை வைக்கிறேன், மற்ற நேரத்தில் எவனோ ஒருத்தன் நடையை நடக்க எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டார். வீம்பு என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் மாநகராட்சிப் பூங்காவுக்குப் போய், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நடக்கிறவர்களின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தாள். குண்டானவர், ஒல்லியானவர், ஆண், பெண், யாராயிருந்தாலும் வலது பாதம் ஒரு விரற்கடை வெளியே திரும்பி, இறங்குமுன் நூலளவு தயங்கி, பிறகு இறங்கியது. இருநூறு பேர் நடந்தார்கள். நடை ஒன்றுதான் இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

வந்தவன் பேர் நிரஞ்சன். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். பின்னால் சீருடையில் ஒரு வாட்டசாட்டமான ஆள். வணக்கம் சொல்லி, செருப்பை வாசலிலேயே விட்டு, கேட்காமலே சோபாவில் உட்கார்ந்தான். குமுதவல்லியின் கட்டுரை இன்றைக்கு அச்சுக்குப் போகிறது என்பதும், அதில் என்ன இருக்கும் என்பதும் கம்பெனிக்குத் தெரியும் என்றான். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, பூங்காவில் அவள் எண்ணியவர்கள் எல்லாரும் எங்கள் வாடிக்கையாளர்கள்தானே மேடம் என்று சிரித்தான்.

சோதனைக்குக் கொடுத்த மிஷினைத் திரும்பி எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. எடுத்தால் சாருக்குக் கஷ்டம். கம்பெனிக்கு அதில் விருப்பமில்லை.

"ஒரு மாசம் பழகினா இதை விட முடியாதுன்னு விளம்பரத்துல ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"கண்ணாடி போட்டவங்க கண்ணாடியை விட முடியுமா மேடம்? நானே எட்டு மாசமா அதுலதான் இருக்கேன். எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"கண்ணாடியைக் கழட்டினா கண்ணு குருடாயிடாது."

நிரஞ்சன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் அலைபோல ஏறி இறங்கின. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சோம்பலாக இழுபட்டது.

அது திருமூர்த்தியின் நடை. மிஷின் வந்த முதல் நாள், பட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் பத்து நிமிஷம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அளவு எடுக்க என்றார்கள். அதை அப்படியே கம்பெனியில் சேமித்து வைத்திருந்தார்கள். நிரஞ்சன் விளக்கினான்: மூளைக்குப் புது நடை பழகினதும் பழையதை அது அழித்துவிடும், உலகத்தில் இப்போது அந்த நடை இருக்கிற ஒரே இடம் எங்கள் சேமிப்பு. இந்தக் கோடுகளை அதே மிஷின் வழியாகத் திருப்பி அனுப்பினால் ஒரே வாரத்தில் சார் தன் சொந்த நடையில் நடப்பார். அதற்குப் பிறகு மிஷினே வேண்டாம்.

"வெளியில யாருக்கும் நாங்க இதைச் சொல்றதில்ல. உங்களுக்காகத்தான். நீங்க 'வாங்கலாம்'னு எழுத வேண்டாம். எதையும் எழுதாம இருந்தாப் போதும்."

குமுதவல்லி கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வருஷம். படியில் செருப்பைத் தேய்த்து, இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கணம் நின்று, மறுபடி தேய்த்து வரும் சத்தம். அதைக் கேட்டு அடுப்பைப் பற்றவைத்தால் அவர் கை கழுவி வருவதற்குள் காப்பி தயாராகும். எத்தனையோ தடவை, காலைத் தூக்கி வெச்சு நடந்தாத்தான் என்ன என்று சண்டை போட்டிருக்கிறாள். அந்தத் தேய்ப்பு இப்போது ஒரு வெளியூர்க்காரன் கையில் பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"எழுதாம விட்டுடறனுங்க. வேற யாராச்சும் கண்டுபுடிச்சு எழுதிக்கட்டும். நாளைக்கு நீங்க விழுந்து கிடந்தா என்னால பாக்க முடியாது."

திருமூர்த்தி முக்காலியை உந்தி நிரஞ்சனின் முழங்காலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். டேப்லெட்டை உற்றுப் பார்த்தார். கருகிப்போன காயிலைப் பார்க்கிற அதே பார்வை.

"ஏந் தம்பி, என்ற நடையை எடுத்து வெச்சுக்கிட்டு என்கிட்டயே விக்க வந்திருக்கியா?"

"விக்கல சார். இலவசம்."

"எத்தன ஊட்டு நடை வெச்சிருக்கீங்க இந்த மாதிரி?"

நிரஞ்சன் கொஞ்சம் தயங்கி, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருக்கும் என்றான்.

"அவிகளுக்கெல்லாம் திருப்பிக் குடுப்பீங்களா?"

நிரஞ்சன் டேப்லெட்டை மடியில் கவிழ்த்தான். சீருடைக்காரர் தரையைப் பார்த்தார்.

திருமூர்த்தி மனைவியிடம் சொன்னார்: "எழுது குமுதா."

"உங்க காலுங்க."

"என்ற கால்தான? நான் பாத்துக்கறேன். பதினாறு வருசமா பெல்ட்டு, கயிறுன்னு அத்தன பேரையும் கிழி கிழின்னு கிழிச்ச. இவுங்க ஒருத்தங்ககிட்ட மட்டும் வாயை மூடிக்கிட்டு, அதை எனக்காகத்தான்னு சொல்லாத. அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

குமுதவல்லிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கணவர் மேல், தன் மேல், அந்தப் பச்சைக் கோட்டின் மேல். தோற்கிற மாதிரி இருக்கும்போதுதான் அவளுக்கு வாக்கியங்கள் சரியாக விழும். ஃபோனை எடுத்து வேதமூர்த்தியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயின்மேல் வைத்தாள். கடைசிப் பத்தியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

"வேண்டாம். இது வேலை செய்கிறது, அதனாலேயே வேண்டாம். வேலை செய்யாத மிஷினை வாங்கினால் துணி காயப்போடவாவது ஆகும். இதை வாங்கினால் உங்கள் கால் போய்விடும், கால் இருந்த இடத்தில் மாதச் சந்தா வரும். என் கணவரின் நடையை எடுத்து வைத்துக்கொண்டு, நான் வாயை மூடினால் திருப்பித் தருவதாக ஒருவர் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார். இதைப் படிக்கும்போது அந்த நடையை அவர் அழித்திருப்பார். அழிக்கட்டும். நடக்க ஒரு தெரு போதும். தெருவுக்கு விளம்பரம் கிடையாது, அதனால் நானே சொல்கிறேன்: தெரு, வாங்கலாம்."

மறுமுனையில் வேதமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, இதைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்" என்றார்.

"வரட்டுமுங்க. போடுங்க."

பக்கம் போகிறது என்றார் அவர். ஃபோனை யாரும் அணைக்கவில்லை.

நிரஞ்சன் கோபப்படவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டவன்போல இருந்தான். டேப்லெட்டில் மூன்று இடத்தில் விரலை வைத்தான். இரண்டு பச்சைக் கோடுகளும் நேராகி, பிறகு இல்லாமல் போயின. அவள் கண்ணெதிரே, ஒரு ஆள் படியிறங்கிப் போவதுபோல.

"அழிச்சாச்சு. நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் மேடம். மிஷினைக் குடுங்க."

அவள் சாவியை எடுத்து நீட்டினாள். சீருடைக்காரர் குளியலறையைத் திறந்து மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல் வரைக்கும் போனவர், சட்டென்று நின்றார். கூடத்தில் யாரோ முக்காலியைப் பின்னால் தள்ளிய சத்தம் கேட்டது.

திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கை சுவரில். பிறகு அந்தக் கையையும் எடுத்தார். இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. வலது முழங்காலை, தேங்கிக் கிடக்கிற தண்ணீரைத் தாண்டுகிறவர்போல அளவுக்கு மேல் தூக்கி, தொப்பென்று வைத்தார். இரண்டு கையும் கம்பிமேல் நடக்கிறவருக்குப் போல விரிந்திருந்தன. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தடுமாறி, சட்டை மாட்டும் கொக்கிப் பலகையைப் பிடித்து, மறுபடி நிமிர்ந்தார். லுங்கியை அவர் மடித்துக் கட்டியபோதுதான் குமுதவல்லி பார்த்தாள்: இரண்டு முழங்காலிலும் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போன காயங்கள். புதுசு, பழசு, அதற்கும் பழசு.

ஒன்பது அடியில் வாசலுக்கு வந்துவிட்டார். அது கம்பெனியின் நடை இல்லை. இருபத்துநாலு வருஷம் படியில் அவள் கேட்ட நடையும் இல்லை. அது இனி எங்கேயும் இல்லை. இது கோணல்மாணலாக, பார்க்கவே சகிக்காத, புத்தம்புதிய ஒன்று. உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது.

"இது நடக்கக் கூடாது" என்றான் நிரஞ்சன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. டேப்லெட்டை வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "சார், நாப்பத்திரண்டு நாள் கணக்கு என்கிட்ட இருக்கு. முப்பதாம் நாள் மட்டும்தான் விட்டிருக்கு. அப்புறம் இன்னிக்குக் காலைல வரைக்கும் தினம் இருபது நிமிஷம். எடை பதிவாயிருக்கு, அசைவு பதிவாயிருக்கு, ஈரத் தோல் பதிவாயிருக்கு. ஒவ்வொரு நாளும் எங்க மிஷின் சபாஷ் திருமூர்த்தின்னு சொல்லியிருக்கு. இவ்வளவு ஏத்தினப்புறம் சொந்தமா ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. முடியவே முடியாது."

குமுதவல்லி அவனைப் பார்க்கவில்லை. கணவரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட ஏனுங்க சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ பார்க்குக்குப் போகாம எனக்குக் காவல் உக்காந்திருப்ப. அதுவுமில்லாம, நடக்க வரும்னு முந்தாநேத்து வரைக்கும் எனக்கே தெரியாது. முதல் நாலு நாள் தவழத்தான் முடிஞ்சுது."

அவர் நிலைக்கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார். வேர்வை கழுத்தில் இறங்கியது. பிறகு நிரஞ்சனிடம் திரும்பி, கடையில் வந்து நிற்கிற வாடிக்கையாளருக்கு மோட்டார் ஏன் கருகியது என்று விளக்குகிற அதே நிதானத்தோடு சொன்னார்.

"உங்க மிஷின் மேல தப்பில்ல தம்பி. கரெக்டாத்தான் எண்ணியிருக்குது. ஒரு துண்டை உப்புத் தண்ணியில நனைச்சுச் சுத்தி, அதுமேல உங்க பட்டையைக் கட்டினா அதுக்குத் தோலுன்னுதான் தெரியும். உங்க தட்டுமேல ஏத்தி, உள்ள ஊறப்போட்ட அரிசி ரெண்டு படி போட்டா ஆட்டம் நல்லா இருக்கும், பாரமும் இருக்கும். நீங்க பதினோரு நாளா சபாஷ் போட்டது எங்க ஊட்டு கிரைண்டருக்குங்க."